நூறு கெடாத பள்ளி

எங்கள் பள்ளிக்குள் நுழைந்தால் இடது சுவரில் பிள்ளையார் இருக்கிறார், வலது சுவரில் நூறு இருக்கிறது. பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூ. நூற்றுக்கோ ஆண்டு முழுவதும் பூசை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே பெயிண்டர் வந்து, போன ஆண்டுக்குக் கீழே இந்த ஆண்டை எழுதி, பக்கத்தில் சிவப்பில் '100% தேர்ச்சி' என்று போட்டுவிட்டுப் போவார். எழுத இடம் தீர்ந்தபோது சுவரை இரண்டடி நீட்டிக் கட்டினார்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு மாற்றச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்த அதே வருஷம்தான் அது.

பள்ளி பிறந்தது, மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில். தொடங்கியவர் இப்போதைய தாளாளர் பூவனநாதனின் அப்பா. மழை பெய்தால் சுவரிலிருந்து தீக்குச்சி மருந்து நெடி அடிக்கும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்பாடு சொல்லும் என்பார்கள். இன்று மூன்று மாடி. பசுவந்தனை, நாகலாபுரம் வரைக்கும் மஞ்சள் பஸ் போகிறது. ஆண்டு விழாவில் இந்த வரலாற்றை ஒரு பிள்ளை மேடையேறிச் சொல்வது வழக்கம். எழுதிக் கொடுப்பது தமிழாசிரியையான என் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகளாகச் சொன்னவள் இந்துஜா.

பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். அப்பா ஜெயகிருஷ்ணனுக்கு ஆடும் உண்டு, கொஞ்சம் கரிசல் காடும் உண்டு. மைக் முன்னால் அவள் நின்றால் கூட்டத்தில் சுண்டல் தின்பவர்கள்கூட வாயை நிறுத்துவார்கள். "எங்கள் பள்ளியின் வரலாற்றில் இதுவரை ஒருவர்கூடத் தோற்றதில்லை!" என்று அவள் முடிக்கும்போது எனக்கே புல்லரிக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் கணக்கு அவளுக்கு வேப்பங்காய். என்ன செய்தும் முப்பத்தைந்தைத் தொடவில்லை.

அவளது ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழா முடிந்த மறுவாரம் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "இந்துஜா அப்பாவ வரச் சொல்லுங்க டீச்சர்" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் தோற்கக்கூடிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேறு எங்கே போய்த் தோற்றாலும் அது எங்கள் கணக்கில் வராது. விழா முடியும் வரை மட்டும் பொறுத்திருந்தார்கள், அவள் பேச வேண்டுமே.

போனில் ஜெயகிருஷ்ணன், "நல்ல விஷயந்தான டீச்சர்?" என்று கேட்டார். நேரில் வாங்க அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். மகள் பேசிய வீடியோ அவர் ஊர் முழுவதும் சுற்றியிருந்ததால், பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். சலவை வேட்டியில் வந்து நின்றார், கையில் பெரிய டப்பா நிறையக் கடலைமிட்டாய்.

தாளாளர் டப்பாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தேன் தடவித்தான் சொன்னார். நீட்டிய தாளில், குடும்பச் சூழ்நிலை காரணமாக மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதாக அச்சடித்திருந்தது.

ஜெயகிருஷ்ணன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "எங்க குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்லயே சார்" என்றார்.

"பத்தாவதுல பெயிலாயிட்டா பிள்ளைக்குத்தான அசிங்கம்?"

"ஆறாவதுல சேக்கும்போது சிரிச்சிக்கிட்டுச் சேத்தீய. நாலு வருசம் மேடையில ஏத்துனீய. இப்ப மட்டும் கசக்குதாக்கும்? அவ தோத்தா தோக்கட்டும் சார். இங்கனயே தோக்கட்டும். இது அவ பள்ளிக்கூடம். கையெழுத்துக் கேட்டீயன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட நிப்பேன்."

தாளாளரின் முகம் செத்துப்போனது. "சரி சரி, பாப்போம்" என்று தாளை உள்ளே வைத்துக்கொண்டார். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். முட்டாள் சந்தோஷம்.

செய்தி வகுப்புக்குள் போய்விட்டது. ஒரு பிள்ளைகூட அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் திருப்பி ஏசியிருப்பாள், வாய்தான் இருக்கிறதே. எல்லோரும் உதவி செய்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தால் முதல் மாணவி கணக்கு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஒருத்தி வாய்பாடு கேட்டாள், இன்னொருத்தி சூத்திரம் கேட்டாள். ஒருத்தி செண்பகவல்லி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு அதை அவளிடமே சொன்னாள். "அடுத்த வருசம் எப்படியாவது பாஸாயிருடி இந்து, நம்ம நூறு போயிரக் கூடாதுடி!" அத்தனையும் அன்புதான். ஆனால் அந்தப் பிள்ளையை ஒரு வாய் சோறு தின்ன விடாத அன்பு. கொண்டுவந்த தூக்குவாளி சாயங்காலம் அப்படியே திரும்பிப் போனது.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் விடுமுறை முடிந்த காலையில் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு தாள். அதே வாசகம், அவள் கையெழுத்தில் எழுதியது. கீழே அப்பாவின் கையெழுத்து.

"என்னட்டி இது? அப்பா எப்படிக் கையெழுத்துப் போட்டாவ?"

"நான் ரெண்டு நாளாச் சாப்பிடல டீச்சர். அழுதுக்கிட்டே போட்டாவ."

"யாரு என்ன சொன்னா? பேரச் சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் நல்லவளுவதான்." தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். "நாலு வருசமா நாந்தான டீச்சர் சொன்னேன், ஒருத்தர்கூடத் தோத்ததில்லன்னு. நானே அதப் பொய்யாக்கவா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அது பொய்தான்ட்டி! ஒவ்வொரு வருசமும் ரெண்டு பேர், மூணு பேர்னு வெளிய அனுப்பித்தான் அந்த நூறு நிக்குது. ஒன்னால புதுசாப் பொய்யாகப் போறதில்ல" என்று கத்தியே சொல்லிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தக் கண்ணில்.

"அப்போ நீங்க ஏன் டீச்சர் எனக்கு அத எழுதிக் குடுத்தீய?"

கேட்டுவிட்டு அவள் அந்தத் தாளோடு தாளாளர் அறைக்குப் போனாள். அவள் வெளியே வரும்போது நான் பக்கத்து வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் அன்று யாரும் பலகையில் எழுதியிருக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. சுவரில் புதிய நூறு சிவப்பு மங்காமல் இருந்தது. ஆறாம் வகுப்பில் நல்ல குரல் உள்ள பிள்ளையாகத் தேர்ந்தெடுத்து இப்போதிருந்தே வரலாற்றைப் பழக்கச் சொன்னார் தாளாளர்.

"நான் இனிமே அத எழுத மாட்டேன் சார்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் கோபப்படவே இல்லை. "நீங்க எழுத வேண்டாம் டீச்சர். இந்துஜா பேசுன வீடியோ இருக்குல்லா? அதப் பாத்தே படிச்சிக்கிடும்" என்றார்.

மறுநாள் மதியம் ஆறாம் வகுப்பைக் கடந்து போனேன். உள்ளே செல்போனில் அந்தக் குரல் கணீரென்று கேட்டது. "இதுவரை ஒருவர்கூடத் தோற்றதில்லை!" ஒரு பொடிப்பிள்ளை அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.