அறுபத்திரண்டாம் எண் மாப்பிள்ளை

ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவும் அக்காதான் அந்தப் பெயரை வைத்தாள். மூன்று வருடமாக ஆராய்ச்சிக்காரப் பெண் சலித்தெடுத்த வேதிப்பொருள்களில் அறுபத்திரண்டாவதுதான் தேறும்போல இருந்தது. மாப்பிள்ளை சௌக்கியமா என்று அக்கா தினமும் விசாரிப்பாள்.

நோயுற்ற செல்லில் ஒரு புரதம் டிஎன்ஏவை விரல்களால் இறுகப் பற்றியிருக்கும். ஒவ்வொரு விரலையும் மடக்கி நிறுத்துவது ஒரே ஒரு துத்தநாக அணு. அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்தைத்தான் அவள் தேடினாள். அறுபத்திரண்டைச் சேர்த்ததும் பிடி விட்டது. பேராசிரியர் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். இரண்டு மாதத்தில் முடியவிருந்த அவளுடைய வேலை நீளுமா என்பதும் அதில்தான் இருந்தது.

ஒரு சோதனையை மட்டும் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கலவையில் துத்தநாகத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்ப்பது. இன்று மதியம் அதைச் செய்தாள். புரதம் மறுபடி டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டாள்.

"மாப்பிள்ளை திருடன்க்கா. விரலை விலக்கல, அதிலிருந்த துத்தநாகத்தைத்தான் உருவிக்கிட்டிருக்கான். உடம்புல விட்டா நல்ல புரதத்தையும் விட்டுவைக்க மாட்டான்."

"பாக்க லட்சணமாத்தான் இருந்தான்" என்றாள் அக்கா. பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "நான் குழாய்த் தண்ணியில கழுவிட்டேன்னு சொல்லிடும்மா. சோதனை கெட்டுப்போச்சுன்னு ஆயிடும். திட்டு வாங்குறது எனக்குப் புதுசா என்ன?"

அக்கா ஒவ்வொரு குழாயையும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுகிறவள். ஒருநாளும் தவறியதில்லை. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு பொய் சொல்ல ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அணுவை விரலுக்குள் வைத்துப் படைத்தவன், மனிதர்களுக்கு நடுவிலும் சிலரை அப்படித்தான் வைத்திருக்கிறான் போலும்.

சோதனை முடிவின் படத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இந்தச் சோதனையைத் தாமே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றார். வேலை நீட்டிப்புக்கு எழுதிப் பார்ப்பதாகவும், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். கட்டுரையை மூடினார்.

திரும்பி வந்தபோது, அலசிய குழாய்கள் மேசைமேல் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

"அறுபத்திமூணு எப்படியாம்?" என்றாள் அக்கா.

அவள் களைப்போடு கையுறையை மாட்டினாள். "இந்தத் தடவை திருட்டுப் புத்தி இருக்கான்னு முதல்ல விசாரிச்சுடலாம்க்கா."