இழுத்தா வரணும், தானா வரக்கூடாது

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதுவும் என்னுடையதல்ல. மேசை விளக்குக்கு ஒரு சுவிட்ச் வாங்கலாமென்று மின்சாதன உதிரிபாகக் கடை ஒன்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் சொன்னாள்:

"இழுத்தா வரணுங்க. தானா வரக்கூடாது."

குடும்பக் காதல் கதைகளாகவே எழுதிப் பழகிய என் காதுக்கு அது ஏதோ புருஷனைப் பற்றிய பேச்சாகப் பட்டது. அவள் கேட்டது பேட்டரி கனெக்டர். ரிமோட்டில் ஓடும் பந்தயக் காரில் பேட்டரியையும் காரையும் சேர்க்கிற, கட்டைவிரல் அளவே ஆன பிளாஸ்டிக் துண்டு. ஒரு பாதி பேட்டரியின் கம்பியில், மறு பாதி காரின் கம்பியில்.

சேர்வதும் பிரிவதுமாக ஒரு பொருள் கிடைத்தால் என் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. தாம்பத்தியத்தை உவமையாக்கி ஒரு பக்கம் எழுதினேன். படித்தேன். கிழித்தேன். கீழே இருப்பது கனெக்டரின் கதைதான்.

2

மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஈரக் கூந்தலை அள்ளி முடிந்தபடி அவள் சால்டரிங் —

வேண்டாம். ஈரக் கூந்தலோடு யாரும் ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்ட மாட்டார்கள். மறுபடியும் தொடங்குகிறேன்.

அவள் கணவருக்குப் பந்தயத் திடலில் 'பிரேக்' என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பகலெல்லாம் மற்றவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தபடியே இருப்பார். வார விடுமுறையில் திடலுக்கு வந்தால், முழங்கை நீளமுள்ள தன் காரை ஒரு வளைவில்கூட பிரேக் போடாமல் ஓட்டுவார். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும்.

அவளுக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. கழற்றி மாட்டும் பற்களுக்குக் கம்பிக் கொக்கி வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மெல்லும்போது கழன்று விழவும் கூடாது, கழற்றும்போது மல்லுக்கட்டவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழை அவள் விரலுக்குத் தெரியும்.

3

நோயை எப்படி எழுதுவது? என் கதைகளில் நோய் வந்தால் அது காதலர்களைச் சேர்த்து வைத்துவிட்டு மரியாதையாக விலகிக்கொள்ளும். இது அப்படிப்பட்டதல்ல.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, "ரெண்டு விரலால இறுக்கிப் பிடிங்க" என்றார். பிரேக் பிடித்தார். டாக்டர் இழுத்தார். தாள் அவர் பக்கம் வந்துவிட்டது, மேசையிலிருந்து எடுத்த மாதிரி.

"நரம்பு போயிட்டிருக்கு. பொதுவா இது திரும்பி வர்றதில்லை."

பிரேக் அதில் 'பொதுவா' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். மிச்சத்தை அவள் சுமந்து வந்தாள்.

ரிமோட்டின் விசையை இன்னும் அழுத்த முடிந்தது. கிள்ளிப் பிடிப்பதுதான் போய்விட்டது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். அவரிடம் இருந்தது மஞ்சள் கனெக்டர். பாதுகாப்பானது, தலைகீழாகச் சொருகவே முடியாது. ஆனால் உடும்புப் பிடி. நல்ல கைக்காரனே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிரிப்பான்.

"நான் கழட்டித் தர்றேங்க. இதுல என்ன இருக்கு?"

"பேட்டரிய நானே மாட்டி நானே கழட்டுற வரைக்கும்தாம்மா அது என் வண்டி. என்னைக்கு இன்னொருத்தர் மாட்டி விடறாங்களோ, அன்னைக்கு வித்துடுவேன்."

பள்ளியில் ஏற்கெனவே விடுப்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். திடலும் போனால் அவருக்கு எழுந்திருக்க ஒரு காரணம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எனவே கனெக்டர் தேடினாள்; கிடைத்ததைக் கம்பியில் சால்டரிங் செய்ததும் அவள்தான்.

குழாய் மாதிரி தனித்தனியாகச் சொருகும் வகை சுலபமாக வந்தது. இரண்டாம் வாரமே அவர் ப்ளஸ்ஸை மைனஸில் சொருகி, காரின் மின் பலகை கருகிப் போனது. தட்டைப் பின் வைத்த சிவப்பு வகை மஞ்சளைவிட முரடு.*

* கைப்பிடி வைத்தது இருக்கிறதே என்று விஷயம் தெரிந்த வாசகர் கேட்பார். அதையும் வாங்கினாள். கைப்பிடி விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. நூல் வளையம் கட்டிக் கொடுத்தாள். "ஏன், கிலுகிலுப்பையும் கட்டிடேன்" என்றார். அவிழ்த்துவிட்டாள்.

4

அவள் செய்ததைச் சொல்கிறேன். அவர் கைப்பயிற்சிக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், பட்டறை அரத்தால் மஞ்சள் கனெக்டர்களின் உள்ளே சொருகும் உலோகப் பின்களைத் தேய்த்தாள். கொஞ்சம் தேய்ப்பாள், சொருகிப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள், பல் கொக்கிக்குச் செய்வது போலவே. கடைசியில் வந்தது அந்த மயிரிழை. இழுத்தால் வந்தது. ஆட்டினால் வரவில்லை.

(இங்கே எனக்கொரு சந்தேகம். இவ்வளவு கைத்திறமை உள்ளவளுக்கு அதிலுள்ள ஆபத்து தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பற்களில் மின்சாரம் ஓடுவதில்லை. பின் தளர்ந்தால் பிடி மட்டும் தளர்வதில்லை, அந்த இடம் சூடாகும் என்பது அவள் தொழிலில் இல்லாத பாடம்.)

5

"ஏம்மா! இங்க வாயேன், சீக்கிரம்!"

ஓடினாள். அவர் கையில் பேட்டரி ஒன்று, கார் ஒன்று. நடுவில் கனெக்டர் பிரிந்து கிடந்தது.

"வந்துருச்சு பார்! நானே! இரு, மறுபடியும் காட்டறேன்."

மாட்டினார், இழுத்தார். டக். மாட்டினார், இழுத்தார். டக்.

"கை தேறுதும்மா! அந்தாளு சொன்னான்ல, பொதுவான்னு. நான் பொதுவான ஆளா?"

அவர் திடலுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அவள் தேய்த்தாள். அவர் இதைக் கையின் கணக்கில் எழுதிக்கொள்வார் என்று அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை. இப்போது சொல்லிவிடலாம். நான் அவளைச் சொல்ல வைக்கப் பார்த்தேன்:

'என்னங்க, ஒண்ணு சொல்லணும். அந்தப் பின்னை நான்தான் —'

அவர் முகத்தைப் பார்த்தேன். என்னால் மேலே எழுத முடியவில்லை. அவளாலும் முடியவில்லை.

"பயிற்சி நல்லா வேலை செய்யுது போலங்க" என்றாள்.

மறுநாளே அவர் பள்ளிக்குப் போன் போட்டார். "அடுத்த மாசம் வந்துடறேன் சார். கை சரியாயிடுச்சு." அவள் அடுப்படியில் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

6

பந்தயம். சக போட்டியாளர் ஒருவர் வக்கீல். பிரேக்கின் பழைய நண்பர்.

"என்ன மச்சான், கை சரியாயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமே. தோத்தா இனி காரணம் சொல்ல முடியாதே!"

"உன்னை ஜெயிக்கக் கை எதுக்குடா? கால் போதும்."

பாதி ஓட்டத்தில் பிரேக்கின் கார் மேட்டிலிருந்து குதித்து இறங்கியது. இன்னும் நாலு முழம் ஓடியது. நின்றது. அடியிலிருந்து மெலிதாகப் புகை.

வக்கீல்தான் ஓடிப்போய்த் தூக்கி வந்தார். கனெக்டரின் இரு பாதிகளும் உருகி ஒரே மஞ்சள் கட்டியாகியிருந்தன. பின்கள் அதற்குள் புதைந்து கிடந்தன. சுலபமாகப் பிரிய வேண்டுமென்று அவள் தேய்த்த கனெக்டரை இப்போது யாராலும் பிரிக்க முடியவில்லை.

வக்கீல் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டையும் சேர்த்து வெட்டினால் பேட்டரியே தீப்பிடிக்கும். கட்டியைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"தங்கச்சி, உன் சால்டரிங் சரியில்லம்மா."

"ஆமாண்ணா. என் தப்புதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரேக் கோபப்படவே இல்லை. "கார் போனா போகுது, கை வந்துச்சே" என்றார். "நாளைக்கே கடைக்குப் போவோம். புதுசா அதே மஞ்சள்."

7

முடிவுகள்.

என் வழக்கமான வாசகிக்கு: அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அவள் மனம் நோகக் கூடாதென்று தெரியாதது போல் இருந்தார். இருவரும் அழுது, சிரித்து —

எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்தவர் எவரும் பள்ளிக்குப் போன் போட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று: அவள் புதியதையும் தேய்க்கிறாள். அதுவும் உருகும். அடுத்த தடவை குப்பைக்குப் போகுமுன் அவர் அதை வாங்கிப் பார்ப்பார்.

இன்னொன்று: தளர்ந்த கைக்கு வருகிற, ஆனால் ஓட்டத்தில் கழலாத, சூடாகாத ஒரு கனெக்டரை நானே கண்டுபிடிப்பது. இல்லாத மனிதர்களை எழுதியிருக்கிறேன், இல்லாத வீடுகளை எழுதியிருக்கிறேன். இதை எழுத வரவில்லை. இரண்டு பேனாக்கள் மாற்றியும் வரவில்லை.

8

தொடக்கத்தில் வைத்த அந்த வாக்கியத்தின் இடம் உண்மையில் இதுதான். கடையில் அவள் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். சலவை மடிப்பு கலையாத சட்டை, நல்ல உற்சாகம்.

"இழுத்தா வரணுங்க. தானா வரக்கூடாது" என்று அவள் சொன்னது கடைக்காரரைப் பார்த்துத்தான். ஆனால் குரல் வேறு யாரையோ கெஞ்சியது. கடைக்காரர் உறையைப் பிரித்து, மஞ்சள் ஜோடி ஒன்றை மாட்டிய நிலையில் நீட்டினார்.

"இதைவிட நல்லது இல்லம்மா. சார், நீங்களே இழுத்துப் பாருங்க."

"குடுங்க" என்றார் அவர், அவளைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

என் சுவிட்சும் மீதிச் சில்லறையும் வந்துவிட்டன. நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாக்கியத்தை எழுதாதவரை அவருக்குக் கை சரியாகத்தான் இருக்கிறது. நான் எழுதப் போவதில்லை. கனெக்டர் அவர் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்கு மனம் வந்தால் நீங்கள் எழுதுங்கள்: அவர் இழுத்தார் —