ஆறு மெத்தைகள்

"தலையணையை இன்னும் கொஞ்சம் ஒசத்துங்கம்மா. ஐயா முகம் படத்துல விழ மாட்டேங்குது," என்றார் மருதப்பன், கால்களை அகட்டிக் கேமராவைக் கண்ணோடு ஒட்டியபடி.

ஜோசபின் பெட்டிக்குள் கைவிட்டுக் கணவரின் தலையை ஏந்தினாள். கனத்தது. தலையணைக்கு அடியில் ஒரு துவாலையை மடித்துச் செருகினாள். துவாலையின் ஓரத்தில் 'சவுத் ஸ்டார் ரெஸ்ட் ஹவுஸ்' என்று நீல நூலில் தைத்திருந்தது. எழுத்தை உள்ளே மடிக்கப் போனவள், மடிக்காமல் விட்டாள்.

"எதுக்கு மதினி இந்தப் படமெல்லாம்?" என்றான் லாசரஸ். செத்தவருக்கு ஒரே தம்பி அவன். அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து வடக்கன்குளத்திலிருந்து வந்தவன், மூன்று வாரமாக ஆறாம் நம்பர் அறையில் இருந்தான். "ஊருல முகம் பாக்க முடியாதவங்களுக்குத்தான் படம். அண்ணனே ஊருக்கு வரப்போறான். எல்லாரும் நேருலயே பாத்துக்கிடுவாவ."

"நீங்க எடுங்க மருதப்பன்."

மருதப்பன் இருவரையும் பார்த்தார். பிறகு எடுத்தார். விளக்கு மின்னியது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் ஒன்பது அறைகளும் கீழே ஒரு கூடமுமாக இருந்தது ரெஸ்ட் ஹவுஸ். வரும் சுற்றுப்பயணிகள் பாஸ்போர்ட்டைக் காட்டுவதும் சாவி வாங்குவதும் அந்தக் கூடத்தில்தான். அங்கேதான் மரியஅந்தோணியைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. எங்கே கிடத்துவது என்று கோயிலிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது, "இதுதான் எங்க வீடு, வேற எங்க?" என்றிருந்தாள் ஜோசபின். மாடியில் தங்கியிருந்த நியூசிலாந்துக்காரர்கள் நான்கு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிப் போய்வந்தார்கள்.

லாசரஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "ஏர்லைன்ஸ்காரன் குடுத்தது. கீழ ரெண்டு இடத்துல கையெழுத்து. மூணு மணிக்குள்ள வேணுமாம். ரெண்டு மணிப் பூசை முடிஞ்சதும் அப்படியே ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போயிரலாம்."

"பூசை முடிஞ்சதும் சுவா சூ காங் கல்லறைக்குப் போறோம் தம்பி. குழி வெட்டச் சொல்லியாச்சு."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரல் தணிந்தது.

"யாரைக் கேட்டுச் சொன்னிய?"

"யாரைக் கேட்கணும்?"

"செவ்வாக்கிழமை சாயந்தரம் எங் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஊருக்குப் போணும் லாசரஸுன்னு சொன்னான். நான் பொய் சொல்லுதேனா?"

"பொய்னு யார் சொன்னா? சொல்லியிருப்பாரு. கூரை ஒழுகினா ஊருக்குப் போகணும்பாரு. கரண்டு பில்லு ஏறினா ஊருக்குப் போகணும்பாரு. எழுபத்தொண்ணுல வெள்ளைக்காரன், இவர் வேலை பார்த்த நேவல் பேஸை மூடிட்டுப் போனான். கூட வேலை பார்த்தவங்க பாதிப் பேர் கப்பல் ஏறினாங்க. நாமளும் போயிரலாம்னு இவரும் டிக்கெட் எடுக்கத்தான் கிளம்பினாரு. காலைல போன மனுஷன் சாயந்தரம் வந்து, ஜோசபின், ஒரு கட்டடம் பார்த்தேன்னாரு."

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் போட்டிருந்த பதுருன்னிசா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையணை உறையெல்லாம் அவள் தைத்துக் கொடுப்பதுதான். "கட்டடம் பார்க்க வந்த அன்னைக்கு நீங்க போட்ட சத்தம் எங்க கடை வரைக்கும் கேட்டுச்சுக்கா," என்றாள்.

"சத்தம் போட்டேன். மறுவாரம் ஊர்ல என் பங்குத் தோப்பை விக்கச் சொல்லிக் கடுதாசி போட்டதும் நான்தான்."

லாசரஸ் அண்ணனின் காலடியில் போய் நின்றான். "ஒரே பாயில படுத்து வளந்தோம் மதினி. அப்பா பக்கத்துல அவனுக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். அந்த எடத்தை நான் என்ன செய்ய?"

அவன் அழுதான். அழட்டும் என்று ஜோசபின் விட்டாள். பிறகு, "நான் சொல்றதையும் கேளுங்க," என்றாள். "பெட்டி போனா நானும் கூடப் போகணும். போனா முப்பதாம் நாள் பூசை, அப்புறம் வருஷ பூசைன்னு அங்கேயே நின்னுருவேன். லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு. என் பேருக்கு மாத்த நான் இங்க நிக்கணும். நாங்க ரெண்டு பேரும் இந்த ஊர்க் குடிமக்கள் இல்ல, இங்க வந்து தங்கினவங்க. ஆளில்லாம ஆறு மாசம் கிடந்தா இதை யாரும் நமக்காக வச்சிருக்க மாட்டாங்க. அவரை அனுப்பினா இது போயிரும் தம்பி."

"போவட்டும். ஊருல வீடு இல்லையா? நாங்க இல்லையா? யாரோ ஊரு, யாரோ மனுசங்க. போற வாற வெள்ளைக்காரனுக்கெல்லாம் படுக்கை விரிச்சுப் போட்டுக்கிட்டு, தனியா ஒரு பொம்பளை..."

பதுருன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"துக்க வீடாச்சேன்னு பார்க்கிறேன்," என்றாள் பதுருன்னிசா. "இல்லேன்னா நல்லாக் கேட்டுருவேன்."

"விடு பதுரு. அவர் விரிச்ச படுக்கைதான். அதுல மூணு வாரமா தம்பியும் தூங்கினாருல்ல."

லாசரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் வாசலில் லாரி ஹார்ன் அடித்தது.

சீன டிரைவர் ஒருவர் கையில் ரசீதோடு, கடை முகப்புகளை ஒட்டிக் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் ஏறினார். "மிஸ்டர் அந்தோணி! தீலாம், தீலாம்!" என்று கூவியபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டியையும் மெழுகுத்திரிகளையும் கண்டதும் அப்படியே பின்வாங்கினார். முகத்தை வேறு பக்கம் திருப்பி, "பந்தாங்! பந்தாங்!" என்றார்.

"என்ன சொல்லுதான்?" என்றான் லாசரஸ்.

"மெத்தை வந்திருக்காம். எழவு வீட்டுக்குள்ள மெத்தை கொண்டு வந்தா ஆகாதாம்."

"என்ன மெத்தை?"

ஜோசபினுக்கும் தெரியவில்லை. வெளியே போனாள். டிரைவரும் கூட வந்தவரும் புது மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கி நடைபாதைச் சுவரில் சாய்த்தார்கள். ஆறு. ரசீதை அவள் கையில் கொடுக்கவும் டிரைவர் மறுத்துவிட்டார், மெத்தைமேல் வைத்துவிட்டுப் போனார். அவள் எடுத்துப் படித்தாள். ஸ்பிரிங் மெத்தை ஆறு. டெலிபோன் ஆர்டர். தேதியை இரண்டு தடவை பார்த்தாள்.

"தம்பி, செவ்வாய்க்கிழமை அவர் யாருக்காவது போன் பண்ணினாரா?"

லாசரஸ் யோசித்தான். "பண்ணினான். ஆசுபத்திரி வராந்தாவுல இருக்கே, அந்த போன். நாந்தான் தள்ளு வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன். பத்துக் காசும் நாந்தான் போட்டேன்."

"என்ன பேசினாரு?"

"மலாயில பேசினான், எனக்கு என்ன தெரியும்? கையை ஆட்டி ஆட்டிப் பேசினான், சிரிச்சான். ஊருக்குப் போறதை யாருகிட்டயோ சொல்லி விடைவாங்குதான்னு நினைச்சேன்."

ஜோசபின் ரசீதை அவனிடம் நீட்டினாள். அவன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

"எங் கையைப் பிடிச்சு அழுதது இதுக்கு முன்னாலயா, பின்னாலயா..." என்று தனக்குள் சொன்னான். "முன்னால. அழுதுட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, போனுக்குத் தள்ளிக்கிட்டுப் போன்னு சொன்னான்."

"அவர் சொன்னதும் நிஜம், செஞ்சதும் நிஜம்," என்றாள் ஜோசபின். "இருபத்தேழு வருஷமா அவர் செஞ்சதோடதான் நான் குடித்தனம் நடத்தினேன்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊர் மழை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. எதிர்க்கடையின் தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்து, அடுத்த மூச்சில் சாரல் நடைபாதைக்குள் அடித்தது.

"அக்கா, மெத்தை நனையுது!"

பெட்டி தூக்க வந்திருந்த கோயில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிணம் கிடக்கும்போது மெத்தையைத் தூக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முதலில் போனது நியூசிலாந்துக்காரர் டெரிக்தான். ஒரு மெத்தையைத் தனியாளாகக் கட்டிப்பிடித்து உள்ளே வந்தவர், பெட்டியருகே வந்ததும், "சாரி, மிஸ்டர் டோனி," என்றார். மருதப்பன் கேமராவைக் கழற்றி பதுருன்னிசாவின் கழுத்தில் மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடித்தார்.

படிக்கட்டு பெட்டியின் தலைமாட்டில் தொடங்கியது. குறுகலான மரப்படி. மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தித்தான் திருப்ப வேண்டும்.

"எலே, பாத்து!" லாசரஸின் குரல் வெடித்தது. "அண்ணன் முகத்துல இடிச்சிராதிய! மேல தூக்குங்க, இன்னும் மேல. அந்தப் பக்கம் யாரு? நவுருங்க, நான் பிடிக்கேன்."

அவன் ஏர்லைன்ஸ் தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு மெத்தையின் நுனியைப் பிடித்தான். அண்ணனின் முகத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் மெத்தை மிதந்து போனது. மூன்றாவதை ஏற்றும்போது தாள் எச்சிலில் ஊறிவிட்டது. எடுத்துப் பார்த்தான், மடித்தான், காற்சட்டைப் பைக்குள் திணித்தான். மெத்தை ஆறும் மேலே போன பிறகு, மூச்சு வாங்கக் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"அண்ணன் எப்பவும் இப்படித்தான் மதினி," என்றான். "வேலையை வச்சிட்டு அவன் படுத்துக்கிடுவான்."

ஜோசபின் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. அப்படியே பெட்டியருகே போய்க் கணவரின் கோட்டுப் பித்தானைச் சரிசெய்தாள்.

"முப்பதாம் நாள் பூசை முடியிற வரைக்கும் இருங்க தம்பி. போகும்போது குழிமண் ஒரு பிடி எடுத்துட்டுப் போங்க. நீங்க விட்டு வச்சிருக்கிற அந்த இடத்துல போடுங்க."

அவன் தலையாட்டினான்.

பூசை முடிந்து சுவா சூ காங் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. செம்மண் காலைப் பிடித்து இழுத்தது. சாமியார் சுருக்கமாக ஜெபித்தார். லாசரஸ் முதல் மண்ணைப் போட்டான். ஜோசபின் இரண்டாவது.

திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. பதுருன்னிசா கூடத்தைக் கழுவிவிட்டு நாற்காலிகளை மறுபடி பழைய இடத்தில் போட்டிருந்தாள். மாடியில் புது மெத்தைகளும் கட்டிலேறியிருந்தன. லாசரஸ் குளிக்கப் போனான். ஜோசபின் காலைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் டாக்சி நின்றது. பாய லேபார் விமான நிலையத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி இறங்கினார்கள். இருவருக்குமே எழுபதை ஒட்டிய வயது. டாக்சிக்காரர் இரண்டு சூட்கேஸ்களையும் உள்ளே படியருகில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"ஓனரைப் பார்க்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்த அம்மாள்.

"நான்தான்," என்றாள் ஜோசபின். "எத்தனை நாள்?"

"ஒரு வாரம். உங்களுக்கு வசதிப்பட்டால் இன்னும் ஒரு வாரம்."

"இருங்க. புது மெத்தை போட்டிருக்கு."

பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டாள். மூன்றாம் நம்பர் சாவியை எடுத்தாள். எப்போதும் போல ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்; மற்றதோடு மரியஅந்தோணி பின்னால் வருவது வழக்கம். வயதானவர்கள் இருவரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் பின்னால் வந்தார்கள். அறையைத் திறந்து ஜன்னலைத் தள்ளிவிட்டாள். சூட்கேஸைச் சுவரோரம் வைத்துவிட்டு, வழியை அடைக்காமல் ஒதுங்கிக் கதவோரம் நின்றாள். அந்த அம்மாள் மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். ஜோசபின் இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றாள்.

பிறகு இறங்கி வந்தாள். மற்ற சூட்கேஸ் அடிப்படியிலேயே இருந்தது.