முத்திரை இல்லாத சத்தியக் கடதாசி

சிற்றம்பலம் குசினிக்குள் ஒளிந்துகொண்டார். வவுனியா குருமன்காட்டில், ‘சமாதான நீதவான்’ என்று வாசலில் பலகை மாட்டி, ஊராரின் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் மனிதர் விறகோடு விறகாக நிற்பது அவருக்கே கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்.

வாசல் படலையில் ராக்காயி. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே வயல்கூலி செய்து பிழைப்பவள்.

“அவருக்குக் கடும் காய்ச்சல். படுத்திருக்கிறார்,” என்றாள் மனைவி நேசமலர், கணவர் சொல்லிக்கொடுத்தபடியே.

“அய்யோ, கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தீங்களாம்மா?”

“குடுத்தனான்.”

“ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு அலையுறவரு. படுக்கட்டும்மா. நான் ரயிலடிக்குப் போயி லோயரம்மாகிட்ட சொல்லிக்கிறேன்.”

அந்தக் கரிசனம் சுவரைத் தாண்டி வந்து சிற்றம்பலத்தின் முகத்தில் அறைந்தது.

விஷயம் இதுதான். ராக்காயியின் மகன் சின்னராசு அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவன். இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்து முகாமுக்குள் கொண்டுபோய் ஒரு மாதமாகப் போகிறது. தாய்க்கும் காட்டவில்லை, நீதிமன்றத்துக்கும் கொண்டுவரவில்லை. அவள் உள்ளூர் நீதிமன்ற நீதவானிடம் முறையிட்டபோது, கொழும்பில் கையெழுத்தான தடுப்புக்காவல் உத்தரவை முகாம்காரர் நீட்டினார்கள். “இதுக்கு மேல போக எனக்கு அதிகாரமில்லை. கொழும்பில உயர் நீதிமன்றத்துக்குப் போங்கோ,” என்று நீதவான் கைவிரித்துவிட்டார். அங்கே போவதற்குச் சட்டம் தரும் தவணை ஒரு மாதம். நாளையோடு முடிகிறது. சட்டத்தரணி பத்மாசனி மனுவோடு இன்றைய ரயிலில் போகிறார். வவுனியாவைத் தாண்டிப் போக முகாமில் தரும் பாஸ் ராக்காயிக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாகப் போகவேண்டியது, ஒரு சமாதான நீதவான் முன்னால் அவள் கைநாட்டு வைத்த சத்தியக் கடதாசி.

ஊரில் இன்னொரு சமாதான நீதவானும் இருந்தார். போன மாதம் இதுபோன்ற கடதாசியில் கையெழுத்து வைத்ததற்காக அவரை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்த அன்றே வாசல் பலகையைக் கழற்றிவிட்டார்.

“வெளியில வாங்கோ,” என்றாள் நேசமலர். “காய்ச்சல்காரருக்குப் புகை கூடாது.”

“பகிடி விடாதை. மகள் மேனுகாவின்ர பிள்ளைப்பேறுக்குக் கொழும்பு போகோணும். பாஸ் தாறது ஆர்? அந்த முகாம்காரர்தானே.”

“ஓம். எங்கட பிள்ளை பிள்ளை. அவளின்ர பிள்ளை அரிசி மூட்டை.” அவள் வாசலைப் பார்த்தாள். “அந்தப் பலகையையும் கழட்டித் தாங்கோ. அடுப்புக்கு விறகு காணாது.”

சிற்றம்பலம் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

ரயிலடி சனத்தால் நிரம்பி வழிந்தது. பத்மாசனி பையோடு நிற்க, பக்கத்தில் ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

“காய்ச்சலோட ஏன்யா சைக்கிள் மிதிச்சீங்க?”

பத்மாசனி அவருடைய வியர்வையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். புரிந்துகொண்டவர் போலக் கடதாசியை நீட்டினார்.

சிற்றம்பலம் அதை வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். நாலு முழத் தொலைவில் ஒரு பொலிஸ்காரர் நின்றார்.

“அவாவுக்குக் கேக்க வாசியுங்கோ, அண்ணை. சட்டம் அப்பிடித்தான்,” என்றார் பத்மாசனி.

குரலை உயர்த்தி வாசித்தார். மகனைப் பிடித்த காரணம் சொல்லப்படவில்லை. எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்தப்படவில்லை. பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் உண்மைதானோ, ராக்காயி?” என்று சிற்றம்பலம் முறைப்படி கேட்டார்.

“சத்தியமாய்யா.”

அவள் கைநாட்டு வைத்தாள். அவர் கையெழுத்து வைத்தார். பிறகு சேட்டுப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையையும் தடவினார். கையெழுத்தின் கீழ் குத்தவேண்டிய பதவி முத்திரை இல்லை. அலுமாரிக்குள் கிடந்தது. அவசரத்தில் மறந்தாரா, பயம் மறக்கவைத்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

“மறந்துபோனன், தங்கச்சி.”

“முத்திரை இல்லாட்டி அங்க பிரச்சினைப்படுத்துவினம்,” என்றார் பத்மாசனி. ரயில் கூவிற்று. கடதாசியைப் பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

அதன்பிறகு சிற்றம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது படலையைத் தட்டினால், முகாமிலிருந்து ஆள் வந்ததோ என்று யன்னலால் எட்டிப் பார்த்தார்.

ஒருநாள் தட்டியது ராக்காயி. கையில் நீதிமன்றக் கட்டளையின் பிரதி, ஆங்கிலத்தில்.

“லோயரம்மா விளக்கம் சொன்னாங்க. முழுசாக் கேக்கணும்னு ஆசையா இருக்குய்யா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க, நீங்களே வாசிங்க.”

அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். கடதாசியில் முத்திரை இல்லை, மனுவைத் தள்ளவேண்டும், நாட்டின் பாதுகாப்பு விவகாரத்துக்குள் நீதிமன்றம் நுழையக்கூடாது என்று அரச தரப்பு வாதாடியிருந்தது. நீதிமன்றம் மறுத்திருந்தது. பாதுகாப்புக்காகத் தடுத்துவைக்கும் அதிகாரம் சட்டம் கொடுத்தது. அது சட்டத்துக்குள் நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் அரசியலமைப்பு கொடுத்தது. அடுத்த தவணையில் சின்னராசுவை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரவேண்டும். அதற்கு முன்னர் உள்ளூர் நீதவான் முகாமுக்குப் போய் அவனை நேரில் பார்க்கவேண்டும்.

அடுத்த வரியில் அவர் நின்றுவிட்டார். தாண்டிவிடலாம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. கண் ஏற்கெனவே கீழே குதித்துவிட்டது.

திரும்ப மேலே போனார்.

“ஒரு சமாதான நீதவானின் அசட்டையால்... ஒரு தாயின் உரிமை பறிபோக முடியாது.”

“யாருய்யா அந்த அசட்டைக்காரரு?”

“நான்தான்.”

“அவங்களுக்கு என்ன தெரியும்? அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்...”

“காய்ச்சல் இல்லை, ராக்காயி. நீ வந்த நேரம் நான் குசினிக்குள்ள ஒளிச்சு நிண்டனான்.”

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. நேசமலரும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராக்காயி அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். கடதாசியைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த அவருடைய விரல்களைப் பார்த்தாள்.

“மவனக் கொண்டாரச் சொல்லியிருக்கிற எடத்த மட்டும் இன்னொருக்கா வாசிங்க,” என்றாள்.

வழக்கமாக ஒட்டிவரும் ‘ஐயா’ அதில் இல்லை. சிற்றம்பலம் வாசித்தார்.