ஷெல்பி பெயரில் வந்த வட்டிச் சான்று

1

இந்தக் கதை ஒரு வரிப் படிவத்தில் பிறந்தது. அதை மறைப்பதற்கில்லை. டேட்டன் நகர நூலகத்தில் சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்தாருக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன். போன மார்ச்சில் மேரிபெத் ஒரு புதிரோடு வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மகள் ஷெல்பியின் கல்விக் கடனுக்கு அதற்கு முந்தைய வருடம் முழுவதும் வட்டி கட்டியது இவள்; வட்டிச் சான்று வந்தது ஷெல்பி பெயரில். ஷெல்பி இறந்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. அந்த வட்டியை வருமானத்தில் யார் கழித்துக்கொள்வது?

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே உருகும் பனி..." (வேண்டாம். பனி படிவத்தின் எந்தக் கட்டத்திலும் வராது.)

இன்னொன்று: "அந்தத் தாயின் கண்களில்..." (நான் கண்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

3

அவளே வீட்டில் நிரப்பி இணையத்தில் அனுப்பியிருந்தாள். இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்தபோது எனக்கு வழக்கமான உற்சாகம் வந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். 'மாணவி உங்களைச் சார்ந்தவரா?' என்று ஒரு கேள்வி வரும். கடன் வாங்கிய நாளைப் பற்றிய கேள்வி அது.* அவள் அதை இன்றைய கேள்வியாகப் படித்து, இந்த வருடம் தன் வருமானத்தைச் சார்ந்திருப்பவர் பட்டியலில் ஷெல்பியைச் சேர்த்துவிட்டாள். இறந்தவர் பெயர் அதில் இருந்ததால் படிவம் திரும்பியது.

"தினம் நாப்பது பிள்ளைங்கள எண்ணி ஏத்தி எண்ணி இறக்குறவ நான், கேரி. எனக்கு எண்ணத் தெரியலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது," என்றாள்.

*சட்டம் பார்ப்பவை இவை: கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தும் உண்டா, வட்டியை நீங்கள் கட்டினீர்களா, கடன் வாங்கியபோது பிள்ளை உங்களைச் சார்ந்திருந்ததா. வருமானமும் வரம்பைத் தாண்டக் கூடாது. மேரிபெத்துக்கு எல்லாம் பொருந்தின. சான்றில் யார் பெயர் என்பது பொருட்டில்லை.

4

ஒரு வரைவில் அவளை அழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, கேட்டாள்:

"பட்டியல்லேர்ந்து அவ பேர எடுத்துட்டா, அவ எனக்கு யாருமில்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா?"

நான் சட்டத்தை விளக்கினேன். பொறுமையாக, இரண்டு முறை. அவள் கேட்டது அதையல்ல என்பது இதை எழுதும்போதுதான்...

5

ஒரு வரைவின் முடிவில் அவள் ஷெல்பியின் பெயரை நீக்குகிறாள். மற்றொன்றில் தாள்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். உண்மையில் அவள், "அடுத்த சனிக்கிழமை வரேன்," என்றாள். எந்தச் சனிக்கிழமையும் அவள் வரவில்லை. வேறெங்காவது நிரப்பி அனுப்பியிருக்கலாம். நீங்களே ஒரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது வழி மட்டும்:

இந்த வருடப் பட்டியலிலிருந்து ஷெல்பியை எடுக்க வேண்டும். கட்டிய வட்டியை மேரிபெத் தன் படிவத்திலேயே, கல்விக் கடன் வட்டிக்கான கட்டத்தில் எழுத வேண்டும். தன் கையெழுத்துள்ள கடன் பத்திரத்தையும் கட்டிய ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடன் வாங்கிய நாளில் ஷெல்பி உங்களைச் சார்ந்திருந்தாளா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போடலாம்.