மூடி இறங்கும்போது

"மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து பிடிங்க" என்று கார் ஷெட்டிலிருந்து மாமாவின் குரல் வந்தபோது, வெளியே போகும் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தேன். இன்னொரு கையை நுழைக்காமலே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். அவர் ஒருமுறையாவது அதட்டிக் கூப்பிட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். இத்தனை மரியாதையாகக் கூப்பிடுகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

வேலை போயிருந்த நேரத்தில், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மாமனார் வீட்டுக்கு வந்தவன் நான். பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை கிடைத்தது. வீடு மாறுவதுதான் நடக்கவில்லை. பேச்செடுக்கும்போதெல்லாம் மாமா எதையாவது கழற்றிப் போட்டிருப்பார். இப்போது ஜீப். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. இன்ஜின் சுழற்சியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ் என்ற கனத்த பெட்டியைத் தனியே இறக்கி, பழைய சாப்பாட்டு மேசையில் வைத்து, வீடியோ பார்த்துப் பார்த்துப் பிரித்திருந்தார். உள்ளே லேசாக ஏதோ சத்தம் வருகிறதாம். "முன்னாடி சத்தத்தோட ஓடிட்டிருந்துச்சு, இப்ப சத்தமில்லாம நிக்குது" என்பார் அத்தை.

முதல் தடவை பூட்டியபோது எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஆயில் சீல் வளையத்தைத் தலைகீழாகப் போட்டதில் தரையெல்லாம் எண்ணெய். அடுத்த தடவை கியரைத் தள்ளுகிற கவை அதன் பள்ளத்தில் உட்காராமல் லீவர் அசைய மறுத்தது. இன்று மறுபடியும். இன்றைக்குத்தானா என்றிருந்தது எனக்கு. ஊரின் மறுகோடியில் ஒரு மாடி வீடு பார்த்திருந்தோம். இருட்டுவதற்குள் வந்து சாவியை வாங்காவிட்டால் காத்திருக்கிற இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். மாமாவுக்கு எதுவும் தெரியாது. பெட்டியை மூடிய உடனே சொல்லிவிடுகிறேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வேலை பாதியில் கிடக்கும்போது அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அது அவளுக்கும் தெரியும்.

பெட்டியின் அடிப்பாதியில் செயினும் பற்சக்கரங்களும் சுத்தமாக மின்னின. விளிம்பு முழுக்க மாமா பசை தடவி முடித்திருந்தார். அது இறுகுவதற்குள் மூட வேண்டும். மூடிக்குள் ஒரு சர்க்லிப், வாய் பிளந்த இரும்பு வளையம். அதைக் குறடால் விரித்துப் பிடித்தால்தான் மூடி பேரிங்கின் மேல் இறங்கும். ஒருவர் இறக்க வேண்டும், ஒருவர் விரிக்க வேண்டும்.

"உங்க கை சின்ன வேலைக்குன்னே பொறந்த கை, மாப்பிள்ளை."

குனிந்து வளையத்தை விரித்துப் பிடித்தேன். மூக்கு அரித்தால்கூடச் சொறிய வழியில்லை. மூடி மெல்ல இறங்கியது. விரற்கடை இடைவெளி இருக்கும்போது உள்ளே கண் போனது. அடியில் தேங்கும் எண்ணெயை உறிஞ்சிப் பம்புக்குக் கொண்டுபோகும் குழாய், பம்பில் செருகப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படியே மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. வண்டி கிளம்பும், லீவர் அசையும், மாமா எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்படுவார். கொஞ்ச நாளில் எண்ணெய் ஏறாமல் பேரிங்குகள் வெந்து, பெட்டி மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் நான் ஊரின் மறுகோடியில் இருப்பேன். சொன்னாலோ, பசையைச் சுரண்டி, துடைத்து, புதுப் பசை ட்யூப் வாங்கி, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, அந்தக் குழாய் மேலா, அதைப் பார்த்துத் தொலைத்த என் கண் மேலா என்று தெரியவில்லை.

"இறக்கிடவா மாப்பிள்ளை?"

குறடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்தேன்.

"என்ன, சரியா இருக்கில்ல?"

"தூக்குங்க மாமா. ஆயில் குழாய மாட்டல."

மூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! நீங்க மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?" என்றார். அதில் துளி சூதும் இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது.

மனைவி செருப்புப் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி ஷெட் வாசலுக்கு வந்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கெளம்பிட்டோம்மா. சாவிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று போனில் சொல்லி முடித்தாள்.

"என்ன சாவிம்மா?" என்றார் மாமா.

"வீட்டுச் சாவிப்பா. நாங்க தனியாப் போறோம்."

அவர் கந்தல் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த விரல்களை மறுபடி ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நல்லதும்மா. போயிட்டு வாங்க" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது.

"வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனாள்.

மாமா சுரண்டியை எடுத்து விளிம்பின் ஒரு மூலையிலிருந்து பசையைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டி வழுக்கி, பசைத் துணுக்கு ஒன்று பற்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தது.

"பாத்து மாமா, உள்ள விழுது" என்றேன்.

வெளியே ஸ்கூட்டர் இரைந்துகொண்டே நின்றது. அவள் ஹாரனை ஒருமுறை அடித்தாள். வருகிறேன் என்று சொல்லக் கையை உயர்த்தினேன். அதில் இன்னொரு சுரண்டி இருந்தது.