இரண்டு விரல் துணி

காலையிலிருந்து குனிந்த இடுப்பு, நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேசையில் மீட்டர்காரரின் மூன்று சட்டைகள் கிடந்தன. இரண்டை அளவு குறைத்துப் பிடித்தாயிற்று, ஒன்று பாக்கி. தையல்காரருக்கு எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கும் அந்த மனிதருக்கு இருபது வருடமாக இவர்தான் சட்டை தைக்கிறார். பகட்டு ஒன்றும் கிடையாது. கைக்கு அடக்கமான விலையில் துணி, கையைத் தூக்கினால் மேலே ஏறாத நீளம், காற்று போய்வர இடம், அவ்வளவுதான். தையலுக்கு உள்ளே பக்கத்துக்கு இரண்டு விரல் துணி விட்டுவைப்பார். ஆம்பிளை உடம்பு நாற்பதுக்கு மேல் பெருக்காமல் என்ன செய்யும்? அப்போது பிரித்துவிட்டால் புதுச் சட்டைச் செலவு மிச்சம்.

இந்த முறைதான் எல்லாம் தலைகீழ். முந்தாநாள் மீட்டர்காரரின் மனைவி சட்டைகளோடு ஒரு நூலையும் நீட்டினாள். புருஷன் தூங்கும்போது மார்பைச் சுற்றி எடுத்த அளவு.

"தொளதொளன்னு தொங்குதுண்ணே. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து கண்ணாடி பக்கமே போக மாட்டேங்கிறாரு. திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்."

நூலை டேப்பில் வைத்துப் பார்த்தார் தையல்காரர். ஏழு அங்குலம் குறைவு. அவ்வளவையும் உள்ளே மடித்தால் புடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு சட்டையிலும் மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டார். இனி எங்கே இந்த உடம்பு தேறப்போகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்ததும் உண்மை. கத்தரி கையில் இருந்தது, யோசிக்கத் தெம்பில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். மீட்டர்காரரே வந்துவிட்டார், ஒவ்வொரு படியாக நின்று நின்று.

நீலக்கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, உயரத்தில் மீட்டர் இருப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கினார். சட்டை ஏறவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், கொஞ்சம் சிரித்தார்.

"உள்ள துணி விட்டிருக்கீங்கல்லண்ணே? ரெண்டு மாசத்துல பழைய உடம்பு வந்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பின்ன, விடாமலா?" என்றார் தையல்காரர். "கழட்டிக் குடுங்க தம்பி. பட்டன் ஒண்ணு சரியில்ல. மூணையும் சேத்து நாளைக்கு வாங்கிக்கங்க."

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, வெட்டுத்துணிச் சாக்கைத் தரையில் கவிழ்த்தார். இரண்டு நாள் குப்பை. ஊரில் உள்ள ஆண்கள் எல்லாரும் அதில் துண்டு துண்டாகக் கிடந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். நீலக்கட்டத்தில் ஒரு நீளத் துண்டு அகப்பட்டது. சட்டையின் ஓரத்தில் அதை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் சேருகிறதா என்று பார்த்தார். பிறகு அடுத்த துண்டைத் தேடினார்.